குழந்தை நடிகர் வேலையும் பிறகு டைரக்‌ஷனும்: வேலூர்ப் பக்கத்துப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

கோடம்பாக்கத்தில் உதவி இயக்குநராகச் சில படங்களில் ஓடியாடிவிட்டு ஊர் திரும்பியவன் நான். இப்போது காட்பாடியில் சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளுக்கு நடிப்பும் குறும்படமும் சொல்லித் தருகிறேன். வகுப்பில் பிள்ளைகள் கேட்பதைவிட, அழைத்துப்போக வரும் பெற்றோர் வாசலில் நின்று கேட்பதுதான் அதிகம். குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு என எங்கிருந்து வந்தாலும் சந்தேகங்கள் ஒரே மாதிரிதான். அவர்கள் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன்.

"சார், பாப்பா ரீல்ஸ்ல சூப்பரா ஆக்ட் பண்ணுது. சினிமாவுல சேத்துவிட என்னா பண்ணணும்?"

ரீல்ஸில் பிள்ளை லென்ஸைப் பார்த்து நடிக்கிறது. சினிமாவில் லென்ஸைப் பார்க்கவே கூடாது. ரீல்ஸ் சரியாக வந்த ஒன்றைப் போட்டால் போதும். படப்பிடிப்பில் அதே வசனத்தை, அதே கையில் அதே டம்ளரைப் பிடித்துக்கொண்டு, தூரத்துக்கு ஒரு முறை, கிட்டத்துக்கு ஒரு முறை, எதிரில் இருப்பவருக்காக இன்னும் நாலு முறை செய்ய வேண்டும். நடுவில் லைட் மாற்ற முக்கால் மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்: ஒரு சின்னக் காட்சியை நடிக்கச் சொல்லிவிட்டு, அரை மணி கழித்து அப்படியே திரும்பச் செய்யச் சொல்லுங்கள். முகம் சுளிக்காமல் செய்கிற பிள்ளைக்குப் படப்பிடிப்பு ஒத்துவரும்.

அனுப்புவதற்கு ஒரு நிமிட வீடியோ போதும். மேக்கப் வேண்டாம், பாட்டு வேண்டாம். பகல் வெளிச்சத்தில் நேர்முகம், பக்கவாட்டு முகம், பெயர், வயது, உயரம், பிறகு நேற்று பள்ளியில் நடந்த ஏதாவது ஒன்றைத் தன் பாஷையில் சொல்லட்டும். இயக்குநர்கள் தேடுவது அந்தப் பேச்சைத்தான்.

"எந்த வயசுல ஆரம்பிச்சா கரெக்டா இருக்கும்?"

குழந்தைப் பாத்திரங்கள் பெரும்பாலும் ஐந்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் எழுதப்படுகின்றன. கமல்ஹாசன் முதல் படத்தில் வந்தபோது ஆறு வயது நிரம்பவில்லை. அதற்காக மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏற வேண்டாம். தானாகக் கழிப்பறைக்குப் போகத் தெரிந்து, பசித்தால் சொல்லத் தெரிந்த பிறகு யோசிக்கலாம்.

"போட்டோ ஷூட், ரெஜிஸ்ட்ரேஷன்னு இருவதாயிரம் கேக்குறாங்க. குடுக்கலாமா?"

கூடாது. நடிக்கிற பிள்ளைக்குத் தயாரிப்பாளர் பணம் கொடுப்பார். பிள்ளையிடமிருந்து பணம் வாங்கிக்கொண்டு நடிக்க வைப்பவர் தயாரிப்பாளரே இல்லை. ஹோட்டல் ஹாலில் ஆடிஷன் வைத்து, வந்த அத்தனை பேரும் 'செலக்ட்' என்று சொன்னால் நீங்கள்தான் செலக்ட் ஆகியிருக்கிறீர்கள், வாடிக்கையாளராக. படத்தின் பெயர், தயாரிப்பு நிறுவனம், இயக்குநர் மூன்றையும் கேளுங்கள். "அதெல்லாம் அப்புறம் சொல்றோம்" என்றால் கிளம்பி வந்துவிடுங்கள்.

"மெட்ராஸுக்கே குடி போனாதான் சான்ஸ் வருமா?"

வேண்டியதில்லை. காட்பாடியிலிருந்து சென்ட்ரல் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். விடியற்காலையிலிருந்து ரயில் இருக்கிறது. சென்ட்ரலில் இறங்கினால் வடபழனிக்கு மெட்ரோ. ஆடிஷனுக்குப் போய் இரவுக்குள் வீடு வந்து சேரலாம். படப்பிடிப்பு என்றால் காலை ஆறு மணிக்கே வரச் சொல்வார்கள்; அதற்கு முந்தின இரவே தங்க வேண்டும். தங்கும் செலவு, போக்குவரத்து, கூட வருகிற ஒருவருக்குச் சாப்பாடு எல்லாம் படம் எடுக்கும் கம்பெனியின் செலவு. இதை ஒப்புக்கொள்வதற்கு முன்பே பேசி முடியுங்கள். அங்கே போய்ப் பேசினால் சங்கடம்தான்.

வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு போவதை நான் கடுமையாக எதிர்ப்பேன். வீட்டு வாடகை பிள்ளையின் அடுத்த படத்தை நம்பி இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால், அது நடிப்பில் தெரியும்.

"சின்னப் பசங்கள வேலைக்கு வெக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்கே? நடிக்கிறது மட்டும் எப்பிடி?"

1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது, பதினான்கு வயதுக்குட்பட்ட யாரையும் எந்த வேலையிலும் வைக்கக்கூடாது என்று ஆனது. இரண்டு விலக்குகள் மட்டும் உண்டு. ஒன்று, பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலில் உதவுவது. இன்னொன்று சினிமா, சீரியல், விளம்பரம், விளையாட்டு போன்றவற்றில் கலைஞராக இருப்பது. சர்க்கஸுக்கு அந்த விலக்கும் கிடையாது.

விலக்கு சும்மா வரவில்லை. 2017இல் வந்த விதிகள் கண்டிப்பானவை. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது; ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. சேர்ந்தாற்போல 27 நாட்களுக்கு மேல் கூடாது. படிப்பு தடைபடாமல் கம்பெனி ஏற்பாடு செய்ய வேண்டும். ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவர் வீதம் பொறுப்பாள் இருக்க வேண்டும். பிள்ளைக்கு விருப்பமில்லை என்றால் நடிக்க வைக்கக்கூடாது. அப்பா அம்மாவின் விருப்பம் அதற்கு ஈடாகாது.

இதை வரிவரியாகப் பின்பற்றும் படப்பிடிப்புகளும் உண்டு, பொறுப்பாள் என்று யாரோ ஒரு தம்பியின் பெயரைப் போட்டுவிட்டு மறந்துபோகும் இடங்களும் உண்டு. முதல் நாளே "பாப்பாவுக்குப் பொறுப்பு யாருங்க?" என்று கேளுங்கள். கேட்கிற பெற்றோர் என்று தெரிந்தாலே பாதி ஒழுங்கு வந்துவிடும்.

"கலெக்டர் பர்மிஷன்னு சொல்றாங்களே, அத நாங்களா வாங்கணும்? எந்தக் கலெக்டரு?"

வாங்க வேண்டியது தயாரிப்பாளர். நீங்கள் தர வேண்டியது எழுத்துப்பூர்வமான சம்மதம். பிள்ளைகளின் பட்டியல், உங்கள் சம்மதம், பொறுப்பாளின் பெயர், பாதுகாப்புக்கான உறுதிமொழி எல்லாம் சேர்த்து மாவட்ட ஆட்சியரிடம் கொடுப்பார்கள். அந்த உறுதிமொழி ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். படம் இழுத்துக்கொண்டே போனால் புதிதாகக் கொடுத்தார்களா என்று கேளுங்கள்.

பிள்ளையின் ஊர் எது என்பது கணக்கில்லை. படப்பிடிப்பு எந்த மாவட்டத்தில் நடக்கிறதோ அந்த ஆட்சியர். நம் பக்கத்தில் இதில் ஒரு குழப்பம் உண்டு. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால், ஏலகிரியில் எடுத்தால் திருப்பத்தூர் ஆட்சியர், ஆற்காட்டில் எடுத்தால் ராணிப்பேட்டை, குடியாத்தத்தில் எடுத்தால் வேலூர். பழைய நினைப்பில் எல்லாவற்றுக்கும் சத்துவாச்சாரியில் உள்ள வேலூர் ஆட்சியர் ஆபீஸுக்கு ஓடும் மேனேஜர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

"ஸ்கூல்ல லீவ் தர மாட்டேன்றாங்க. டி.சி. வாங்கிட்டா?"

டி.சி. வாங்கினால் சட்டம் தந்த விலக்கே போய்விடும். படிப்பைப் பாதிக்காதவரைதான் நடிப்பு. கம்பெனியிடமிருந்து தேதிகளோடு ஒரு கடிதம் வாங்கித் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கொடுங்கள். திடீரென்று போய் நின்றால் யாராக இருந்தாலும் மறுக்கத்தான் செய்வார்கள்.

"குடுக்குற சம்பளத்துக்கு வரி உண்டா? அக்ரிமென்ட்ல யார் கையெழுத்து?"

பதினெட்டு வயதுக்குட்பட்டவர் ஒப்பந்தம் போட முடியாது. பெற்றோர்தான் கையெழுத்திட வேண்டும். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் கம்பெனியே நேரடியாகத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் பிள்ளையின் பெயரில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும் என்பது மேலே சொன்ன அதே விதிகளில் இருக்கிறது. "மொத்தமா கையில குடுத்துடுறோம், நீங்களே போட்டுக்குங்க" என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். போட்டுக்கொள்பவர்கள் குறைவு.

வரியில் ஒரு சூட்சுமம். மற்ற வருமானம் என்றால் பிள்ளையுடையதைப் பெற்றோர் வருமானத்தோடு சேர்த்துக் கணக்கிடுவார்கள். ஆனால் சொந்தத் திறமையால் சம்பாதித்த நடிப்புச் சம்பளம் பிள்ளையின் தனிக் கணக்கு. பிள்ளை பெயரில் பான் கார்டு எடுக்கலாம். அந்த வைப்புக்கு வரும் வட்டி மட்டும், அப்பா அம்மாவில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில் சேரும். படத்துக்குக் கொஞ்சம் பெரிய தொகை வந்தால் ஆடிட்டரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

"அழுவுற சீன்ல 'உங்கம்மா உட்டுட்டுப் பூட்டாங்க'ன்னு சொல்லி அழ வெச்சாங்களாம். இதெல்லாம் சகஜமா?"

சகஜமாக இருந்தது. இப்போதும் சில இடங்களில் நடக்கிறது. தப்பு. கிளிசரின் இருக்கிறது, முதுகுப் பக்கம் ஷாட் இருக்கிறது, எடிட்டிங் இருக்கிறது. நல்ல இயக்குநர்கள் பிள்ளையை உட்கார வைத்துக் கதையைச் சொல்லியே அழ வைப்பார்கள், இரண்டாவது டேக்கில் பிள்ளை தானே "இப்ப அழட்டா?" என்று கேட்கும். பொய் சொல்லி அழ வைத்த பிள்ளை அடுத்த நாள் செட்டுக்கே வர மறுக்கும், அப்போது அவர்களுக்கும் நஷ்டம்.

மானிட்டர் பக்கத்தில் உட்காரும் உரிமையை முதலிலேயே கேட்டு வாங்குங்கள். பிள்ளை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நீங்கள் இருக்க வேண்டும், உங்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் பிள்ளை இருக்க வேண்டும். அடி, மிரட்டல், தகாத தொடுகை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசுங்கள். இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள்.

"எம் பையன் எங்க ஊரு கூத்துல அபிமன்யு வேஷம் கட்டுறான். அது சினிமாவுக்கு ஒத்துவருமா?"

இந்தக் கேள்வியைக் கேட்டவர் கொஞ்சம் வெட்கத்தோடுதான் கேட்டார். எனக்கோ வகுப்பில் சேருகிற பிள்ளைகளில் கூத்துப் பிள்ளை வந்தால் பாதி வேலை மிச்சம். விடிய விடிய நடக்கிற பாரதக் கூத்தில் தன் முறை வரும்வரை தூங்காமல் காத்திருந்து, பாட்டும் வசனமும் அடவும் தாளம் தவறாமல் செய்த பிள்ளைக்கு, லைட் மாற்றும் முக்கால் மணி நேரம் ஒரு பொருட்டா?

ஒன்றை மட்டும் குறைக்க வேண்டியிருக்கும். கூத்தில் கடைசி வரிசையில் போர்வையோடு உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் முகம் தெரிய வேண்டும், குரல் எட்ட வேண்டும். கேமராவில் புருவம் கொஞ்சம் அசைந்தாலே அது பெரிய அசைவு. "இத உன் பக்கத்துல இருக்குற தம்பிக்கு மட்டும் கேக்குற மாதிரி சொல்லு" என்று சொல்லிப் பழக்கினால் சீக்கிரமே பிடிபடும்.

இயக்குநர் ஆகும் எண்ணம் இருந்தால் கூத்து இன்னும் பெரிய பள்ளிக்கூடம். ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், வாத்தியார் செய்வது என்ன? யாருக்கு எந்த வேஷம், எந்த இடத்தில் கோமாளியான கட்டியங்காரனை விட்டுச் சிரிக்க வைப்பது, கூட்டம் கண் அசந்தால் எந்தப் பாட்டைச் சுருக்குவது என்று எல்லாவற்றையும் அவர்தான் தீர்மானிக்கிறார். பழைய வட ஆற்காட்டின் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்து, கூத்தை நவீன நாடகக்காரர்கள் தேடி வந்து கற்கும் இடத்துக்குக் கொண்டுபோனது. நாடகக் கம்பெனி வழியும் அப்படித்தான். சிறுவனாக பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்த எம்.ஜி.ஆர். 1958இல் நாடோடி மன்னனை இயக்கினார். மேடையில் நின்று கூட்டத்தின் மூச்சைக் கேட்டு வளர்ந்தவருக்கு எங்கே கைதட்டு விழும் என்று தெரிந்திருந்ததில் ஆச்சரியமில்லை.

"பன்னெண்டு வயசாச்சு. முன்ன மாதிரி யாரும் கூப்புட மாட்டேன்றாங்க. எங்க தப்பு நடந்துச்சு?"

எங்கேயும் நடக்கவில்லை. குரல் உடைகிறது, கால் நீள்கிறது, மீசை அரும்புகிறது. குழந்தையாகவும் காட்ட முடியாது, கல்லூரிக்காரனாகவும் காட்ட முடியாது. ரெண்டுங்கெட்டான் வயது. எழுதப்படும் கதைகளில் அந்த வயதுக்குப் பாத்திரங்களே குறைவு. இரண்டாவது கேள்வியில் பன்னிரண்டு என்று சொன்னதற்குக் காரணம் இதுதான்.

கமல்ஹாசனுக்கும் இதேதான் நடந்தது. 1960இல் களத்தூர் கண்ணம்மா. 1963க்குள் இன்னும் சில படங்கள். பிறகு குழந்தை வேஷம் நின்றுவிட்டது. பெரியவராகப் பெயர் வாங்கித் தந்த அரங்கேற்றம் வந்தது 1973இல். நடுவில் இருந்த பத்து வருஷத்தைத்தான் நான் பெற்றோருக்கு அழுத்திச் சொல்வேன். டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகக் குழுவில் இருந்தார், நடனம் படித்தார், நடன இயக்குநர் தங்கப்பன் மாஸ்டரிடம் உதவியாளராகப் பெரிய நட்சத்திரங்களுக்கு ஸ்டெப் சொல்லிக் கொடுத்தார். யாரும் முகத்தைத் தேடாத அந்த வருஷங்களில் கேமராவுக்குப் பின்னால் நின்றார். பின்னாளில் எழுதவும் இயக்கவும் வந்தது அங்கே சேர்த்ததிலிருந்துதான் என்பது என் கணிப்பு.

ஆகவே பையனை ஆடிஷன் ஆடிஷனாக இழுத்து "முன்னே எப்படி இருந்தான் தெரியுமா" என்று அவன் முன்னாலேயே பேசாதீர்கள். எடிட்டிங், இசை, சிலம்பம், கூத்து, கதை படிப்பது என்று எதையாவது ஒன்றை உருப்படியாகக் கற்கட்டும்.

"சின்ன வயசுல நடிச்சவங்க ஈஸியா டைரக்டர் ஆயிடலாமே?"

கணக்குப் போட்டுப் பாருங்கள். கமல்ஹாசன் பெயரில் இயக்கம் என்று வந்த முதல் படம் 1997இல் இந்தியில். முதல் நடிப்புக்கு 37 வருஷம் கழித்து. சிறுவனாக 1973இல் நடித்த ஆமிர்கான் இயக்கியது 2007இல். 1986இல் மலையாளத்தில் குழந்தையாக அறிமுகமாகி, இரண்டு வருஷம் கழித்துத் தமிழிலும் நடித்த கீது மோகன்தாஸ், ஒரு குறும்படம் எடுத்துப் பழகிய பிறகு முதல் முழுநீளப் படத்தை 2013இல் முடித்தார். அது ஆஸ்கருக்கு இந்தியாவின் பரிந்துரையாகப் போனது. 1993இல் குழந்தையாக வந்த குணால் கெம்மு இயக்கியது 2024இல். கைக்குழந்தைக் காலத்திலிருந்தே கேமரா முன் இருந்த சிலம்பரசன் மட்டும் 2006இல், இருபத்து மூன்று வயதில் வல்லவனை இயக்கினார். மற்ற எல்லோருக்கும் கால் நூற்றாண்டுக்கு மேல்.

செட்டில் வளர்ந்த பிள்ளைக்குப் பயம் இருக்காது. டிராலி, ஃபோகஸ், ஒவ்வொருவரும் என்ன வேலை செய்கிறார்கள் என்பதெல்லாம் கண்ணிலேயே ஏறியிருக்கும். நடிகரிடம் எப்படிப் பேசினால் வேலை நடக்கும் என்று உடம்புக்கே தெரியும். ஆனால் கதை எழுதுவது, பட்ஜெட், எதை வெட்டுவது என்பதையெல்லாம் செட்டில் யாரும் குழந்தைக்குச் சொல்லித் தருவதில்லை. அதை முதலிலிருந்துதான் கற்க வேண்டும்.

"அவங்கல்லாம் சினிமாக்காரங்க வூடு. நாங்க குடியாத்தத்துல தறி ஓட்டுறவங்க. எங்களுக்கு இதெல்லாம் ஆவுமா?"

பாதி உண்மை. சிலம்பரசனுக்கு அப்பா டி.ராஜேந்தர், ஆமிர்கான் தன் பெரியப்பா நாசிர் உசேனிடம்தான் உதவியாளராக இருந்தார். வாசலில் காத்திருக்கும் வருஷங்கள் அவர்களுக்கு மிச்சம். கமல்ஹாசனின் அப்பா பரமக்குடியில் வக்கீல், சினிமாக்காரர் இல்லை. ஆனால் பிள்ளையைச் சென்னையில் வைத்துப் படிக்க வைக்க வசதி இருந்த வீடு. இதை மறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

உதவி இயக்குநர்களாக நான் பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் சினிமாவுக்குச் சம்பந்தமில்லாத ஊர்க்காரர்கள். சம்பளம் சொற்பம், வருகிற தேதியும் நிச்சயமில்லை. இன்னொரு கதவு குறும்படம். கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' வழியாகக் கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் போன்றவர்கள் யாரிடமும் நீண்ட காலம் உதவியாளராக இல்லாமலே வந்தார்கள். தறிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்த பிள்ளைக்கு மட்டும் தெரிந்த கதை ஒன்று இருக்கும். அது சினிமாக்காரர் வீட்டுப் பிள்ளையிடம் இருக்காது.

"டைரக்‌ஷன் படிக்க பிளஸ் டூ முடிச்சிட்டு நேரா எங்க போவலாம்?"

சென்னை தரமணியில் உள்ள அரசு எம்.ஜி.ஆர். திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் பிளஸ் டூ முடித்துச் சேரலாம். நான்கு வருஷப் பட்டப்படிப்பு. இயக்கம், ஒளிப்பதிவு, எடிட்டிங், ஒலி எனப் பிரிவுகள் உண்டு, இடங்கள் கொஞ்சம்தான். அரசுக் கல்லூரி என்பதால் கட்டணம் தனியாரைவிடப் பல மடங்கு குறைவு. புனே, கொல்கத்தாவில் உள்ள மத்திய அரசுத் திரைப்பட நிறுவனங்களின் இயக்கப் படிப்புக்கு ஏதாவது ஒரு பட்டம் வேண்டும்.

"போன்லயே படம் எடுத்துப் பழகறான். கோட்டையில எடுக்கலாமா?"

போன் போதும். வேலூர்க் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஸ்டாண்டு, மைக் என்று வைத்துப் படம் பிடிக்க முன் அனுமதி வேண்டும். காட்பாடி ஸ்டேஷனுக்கு ரயில்வே அனுமதி. தவிர, வேலூர்ப் பசங்க எடுக்கும் குறும்படத்தில் பாதி கோட்டை அகழியில்தான் ஆரம்பிக்கிறது, போதும். வீட்டுச் சமையலறை, பாட்டி, ரேஷன் கடை வரிசை இவற்றை எடுக்கட்டும். முதல் படத்தில் வசனமே வேண்டாம், மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

"பையன் நடிச்ச படத்துக்கு 'ஏ' குடுத்துட்டாங்க. அவனே தியேட்டர்ல பாக்க முடியாதா?"

முடியாது. 'ஏ' என்றால் பதினெட்டு வயதுக்குக் குறைந்த யாரையும் தியேட்டரில் விடக்கூடாது, நடித்தவனாக இருந்தாலும். 2024 தணிக்கைச் சான்றிதழ் விதிகளுக்குப் பிறகு 'யு/ஏ' சான்றிதழ் 7, 13, 16 என்று வயது போட்டு வருகிறது; அங்கே பிள்ளையை அழைத்துப் போவது பெற்றோரின் முடிவு. கதை கேட்கும்போதே முழுக் கதையையும் கேளுங்கள், பிள்ளை வரும் காட்சியை மட்டும் கேட்காதீர்கள். ஊரே பார்த்த படத்தைத் தான் மட்டும் பார்க்காத பிள்ளைக்குப் பள்ளியில் பதில் சொல்ல முடியாது.

"பதினெட்டு ஆயிடுச்சு. அந்த டெபாசிட் பணத்துல படம் எடுக்கணும்ன்றான். குடுக்கறதா?"

முதலில், குடுப்பதற்கு அது உங்கள் பணமில்லை. வரியும் வைப்பும் பற்றிய பதிலில் சொன்ன அந்தத் தொகை பதினெட்டில் அவன் கைக்கு வர வேண்டியது. தடுக்கப் போனால் சண்டைதான் மிஞ்சும். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பட்ஜெட் போடலாம்.

முழுநீளப் படம் வேண்டாம். கமல்ஹாசனே சொந்தக் கம்பெனியில் 1981இல் எடுத்த ராஜபார்வை வசூலில் தோற்றது. அப்போது அவர் பெரிய நட்சத்திரம். பதினைந்து நிமிடக் குறும்படம் ஒன்றுக்குத் தொகையில் ஒரு பங்கை ஒதுக்கட்டும். அதிலும் கேமரா வாடகையைக் குறைத்து, ஒலிப்பதிவுக்கும் வேலை செய்பவர்கள் சாப்பாட்டுக்கும் கூட வைக்கச் சொல்லுங்கள். ஒலி கெட்ட படத்தை எந்த விழாவிலும் எடுப்பதில்லை, பிரியாணி போடாத படத்துக்கு நண்பர்கள் இரண்டாம் நாள் வருவதில்லை. மீதியை எடுக்காமல் அப்படியே வங்கியில் வைக்கட்டும். உதவி இயக்குநராகச் சேர்ந்தால் முதல் இரண்டு வருஷம் சாலிகிராமத்தில் ரூம் வாடகை கட்ட அது வேண்டியிருக்கும்.